கடல் தொடாத மிஷின்

12.10.2004, செவ்வாய்

ஷமாவுக்குத் தலை பின்னி, காதுக்குப் பின்னால் காது மிஷினை மாட்டிவிட்டு, வழக்கம்போல முதுகுப் பக்கம் நின்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. விளையாடுகிறாள் என்று நினைத்தேன். இன்னொரு தரம் கூப்பிட்டேன். கை தட்டினேன். ரிப்பனை விரலில் சுற்றிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

பேட்டரி மாற்றினேன். மிஷினை உள்ளங்கைக்குள் மூடினால் கீச்சென்று ஒரு சத்தம் வர வேண்டும். வரவில்லை. ஜூலையில் வாங்கியது. என் வீட்டுக்காரர் சவூதியில், தம்மாமில் இரண்டு வருடம் ஓவர்டைம் பார்த்து அனுப்பியதில் வாங்கியது.

இந்த மூன்று மாதத்தில் அவளுக்கு வந்த வார்த்தைகளை இந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். பதினொன்று. அம்மா, அத்தா, வா, பூ, பஸ், தா, காக்கா, பால், போ, இல்ல, மீ. மீன் என்று முழுதாகச் சொல்ல வராது. ஐந்து வயதுப் பிள்ளைக்குப் பதினோரு வார்த்தையா என்று யாராவது சிரிக்கலாம். சிரிக்கட்டும். நான்கு வருடம் ஒன்றுகூட இல்லாமல் இருந்தவள்.

16.10.2004, சனி

முதல் நோன்பு. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பாண்டிச்சேரி போனேன். கடையில் எங்களுக்கு மிஷின் விற்ற பலராமன் இருந்தார். திறந்து, லென்ஸ் வைத்துப் பார்த்தார்.

"வீடு எங்க சொன்னீங்க மேடம்?"

"மரக்காணம்."

"ஓ" என்றார். அந்த ஓ எனக்குப் பிடிக்கவில்லை.

"சென்னைக்கு அனுப்புறேன். ஒரு வருஷம் கேரண்டி இருக்குது, கவலப்படாதீங்க. மூணு வாரத்துல வந்துடும்."

"அதுவரைக்கும் புள்ளைக்கு வேற ஒண்ணு குடுங்களேன்."

"அப்படிக் குடுக்கற வழக்கம் இல்லீங்க."

அங்கிருந்து சுலோசனா டீச்சரிடம் போனோம். சனிக்கிழமைதோறும் ஷமாவுக்குப் பேச்சு சொல்லித் தருபவர். வெறும் காதைப் பார்த்ததும் புத்தகத்தை மூடிவிட்டார். "சீக்கிரம் வாங்கிடுங்க ஷம்சாத். இந்த வயசுல ஒரு மாசம்னா நமக்கு ஒரு வருஷம் மாதிரி."

5.11.2004, வெள்ளி

ஜும்ஆ தொழுகை முடிந்ததும் அவர் போன் செய்வார். ஆகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமைதான் ஷமா முதல் தடவையாக அத்தாவின் குரலைக் கேட்டாள். ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு "அத்தா" என்றாள். அந்தப் பக்கம் அவர் அழுதது எனக்குக் கேட்டது.

இன்றைக்கும் "புள்ளைகிட்ட குடு" என்றார். காதில் வைத்தேன். ஒயரை இழுத்துக்கொண்டு நின்றாள். சளி பிடித்துக் காது அடைத்திருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

நோன்பு வைத்துக்கொண்டு பொய்.

18.11.2004

மிஷின் வந்துவிட்டது. கூடவே பலராமன் ஒரு யோசனை சொன்னார். கழற்றி வைக்கும்போதெல்லாம் அரிசி டப்பாவுக்குள் போட்டு வைக்க வேண்டுமாம், ஈரத்தை அரிசி இழுத்துக்கொள்ளுமாம்.

"கம்பெனி சொல்லச் சொல்லுச்சா?"

"கம்பெனி சொல்லல மேடம். நான் சொல்றேன்."

20.11.2004

"அம்மா" என்றாள். அடுப்பை அணைத்துவிட்டுப் போய்க் கட்டிக்கொண்டேன்.

27.11.2004

நின்றுவிட்டது. ஒன்பது நாள்.

10.12.2004, வெள்ளி

இந்தத் தடவை மிஷினைச் சரிசெய்யாமலே திருப்பி அனுப்பிவிட்டார்கள். கூட ஒரு இங்கிலீஷ் லெட்டர். பஸ் ஸ்டாண்டு பக்கம் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் கௌதமிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன்.

"உள்ள உப்புப் படிஞ்சிருக்குதாம், ஈரம் இருக்குதாம். பயன்படுத்தினவங்க கவனக்குறைவுனு போட்டிருக்குது. அதனால கேரண்டி பொருந்தாதாம்க்கா."

கவனக்குறைவா? யாருக்கு? அரிசி டப்பாவுல வச்சு எடுக்கறேன், குளிப்பாட்டும்போது கழட்டறேன், வேர்வை பட்டா துணியால ஒத்தி எடுக்கறேன். மரக்காணத்துல உப்பு இல்லாத பொருள் எது? கொல்லைக் கதவைத் திறந்தா உப்பளம். ஜன்னல் கம்பியைத் தொட்டா கையில உப்பு. என் தையல் மிஷின் ஊசிகூட வாரத்துக்கு ஒண்ணு துரு ஏறுது. விக்கும்போது வீட்டு விலாசம் கேட்டு எழுதிக்கிட்டாங்களே, அப்ப சொன்னா என்ன? உங்க ஊர்க் காத்துல இது வேலை செய்யாதும்மா, இந்தக் காசைக் கொண்டுபோய் வேற எங்கயாவது குடுன்னு?

சென்னை ரீஜனல் மேனேஜருக்குக் கௌதமை வைத்து ஒரு லெட்டர் போட்டிருக்கிறேன்.

26.12.2004

கடல் வந்துவிட்டது. எங்கள் தெருவுக்கு வரவில்லை. குப்பத்துப் பக்கமிருந்து ஆட்களைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். யா அல்லாஹ். எழுத முடியவில்லை.

30.12.2004, வியாழன்

மறுபடி வருகிறது என்று ரோட்டில் கூச்சல். டிவியிலும் சொன்னார்களாம். தைத்துக்கொண்டிருந்த துணியைப் போட்டுவிட்டு எழுந்து பார்த்தால் கொல்லையில் ஷமா இல்லை.

ஊரே மேற்கே ஓடுகிறது. நான் கிழக்கே ஓடினேன். "ஷமா, ஷமா" என்று கத்திக்கொண்டே. கத்தி என்ன பிரயோஜனம் என்று அந்த நேரத்தில் தோன்றவில்லை. என் கூடச் சேர்ந்து யார் யாரோ கத்தினார்கள். உப்பளத்து வரப்பில் உட்கார்ந்திருந்தாள். எங்களுக்கு முதுகு. பாத்தியில் நின்ற மழைத் தண்ணீரில் ஒவ்வொரு கல்லாகப் போட்டுக்கொண்டு, அவ்வளவு நிதானமாக.

எனக்கு முன்னால் பாஞ்சாலை அக்கா ஓடிப்போய்ப் பின்னாலிருந்து தூக்கினாள். உப்பளத்தில் வேலை செய்பவள், என்னிடம் ஜாக்கெட் தைக்கக் கொடுக்கிறவள். தூக்கியதும் பிள்ளை பயந்துபோய் வீறிட்டாள். எதற்குத் தூக்குகிறார்கள், ஏன் எல்லாரும் ஓடுகிறார்கள், ஒன்றும் தெரியவில்லை அவளுக்கு.

தண்ணீர் வரவில்லை. வெறும் புரளி.

வந்திருந்தால்?

17.1.2005

சென்னையிலிருந்து பதில். இரண்டு வரி. "உங்கள் கடிதம் கிடைத்தது. எங்கள் முடிவில் மாற்றமில்லை."

குப்பத்து ஜனங்கள் மண்டபத்தில் குடும்பம் குடும்பமாகப் படுத்திருக்கிறார்கள். ஆள் போய்விட்டது, வீடு போய்விட்டது, வலை போய்விட்டது. நான் ஒரு காது மிஷினுக்காக லெட்டர் எழுதிக்கொண்டிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் வரப்பில் உட்கார்ந்திருந்த அந்த முதுகு கண்ணை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

12.2.2005, சனி

உப்பளத்தில் பாத்தி கட்டச் சேறு மிதிக்கும் வேலை தொடங்கிவிட்டது. பாஞ்சாலை அக்கா ஜாக்கெட் வாங்க வந்தவள் விஷயம் கேட்டாள். உப்புதான் காரணம், கம்பெனி பொறுப்பில்லை என்கிறார்கள் என்று சொன்னேன். சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிக் காட்டினாள். வெடிப்பும் புண்ணுமாக.

"உப்புதான் பாயம்மா எல்லாத்துக்கும் காரணம். என் காலுக்கு நான் எந்தக் கம்பெனில போய்க் கேக்கறது? உனக்காவது ஒரு விலாசம் இருக்குது. போய்க் கேளு. நேர்ல போ."

வாரத்தில் மூன்று நாள் சென்னைக்குப் போன் செய்கிறேன். ஒவ்வொரு தடவையும் வேறு ஆள். ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து.

8.3.2005, செவ்வாய்

நேரிலேயே போனேன். ஆறு மணி பஸ். ஆபீஸ் இரண்டாவது மாடி. பத்து மணிக்குப் போய் உட்கார்ந்தோம். ரீஜனல் மேனேஜர் மீட்டிங்கில் இருக்கிறார். ஒரு மணிக்குச் சாப்பாட்டில் இருக்கிறார். மூன்று மணிக்கு மறுபடி மீட்டிங். சுவரெல்லாம் படம், காதில் மிஷின் போட்டுச் சிரிக்கும் பிள்ளைகள். ஷமா ஒவ்வொரு படமாகத் தொட்டுத் தொட்டுத் தன் காதைக் காட்டினாள். அப்புறம் என் மடியில் தூங்கிப்போனாள்.

நான்கு மணிக்கு நீலச் சட்டை போட்ட அவர் லிப்டை நோக்கி நடந்தார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழுந்து "சார்" என்றேன். நின்றார். ஷமாவின் கன்னத்தைத் தட்டி "க்யூட்" என்றார். லிப்ட் வந்தது, போய்விட்டார்.

அவ்வளவுதான். ஆறு மணி நேரத்துக்கு ஒரு வார்த்தை.

படி இறங்கும்போது முன் மேஜையில் இருந்த பெண் பின்னாலேயே வந்து ஒரு துண்டுச் சீட்டைக் கையில் திணித்தாள். பம்பாய் ஹெட் ஆபீஸ், எம்.டி.யின் பெயர், விலாசம்.

"நான் குடுத்தேன்னு சொல்லிடாதீங்கக்கா. இங்க வர்ற லெட்டர் எதுவும் இந்தக் கட்டிடத்தைத் தாண்டிப் போறதில்ல. அவருக்கே எழுதுங்க."

12.3.2005

கௌதம் கேட்டான், "எம்.டி.க்கா? உருக்கமா எழுதலாமா, சட்டமா எழுதலாமாக்கா?"

நடந்ததை எழுது என்றேன். நான் தமிழில் சொல்லச் சொல்ல அவன் இங்கிலீஷில் அடித்தான். வாங்கிய நாள், நின்ற நாள், திரும்பி வந்த நாள், மறுபடி நின்ற நாள். வரப்பில் உட்கார்ந்திருந்த நாள். விற்கும்போது யாரும் கடல் காற்றைப் பற்றிச் சொல்லவில்லை என்பது. கடைசியில், "என் மகளுக்கு வேலை செய்கிற ஒரு மிஷின் கொடுங்கள். அல்லது இது எங்கள் ஊரில் வேலை செய்யாது என்று ஒப்புக்கொள்ளுங்கள். கவனக்குறைவு என்ற வார்த்தையை எடுத்துவிடுங்கள்."

"விழுப்புரத்துல கன்ஸ்யூமர் கோர்ட்டு இருக்குதே" என்றான். எத்தனை நாள் ஆகும் என்று கேட்டேன். ரெண்டு வருஷம் ஆகலாம் என்றான். இரண்டு வருடத்தில் ஷமாவுக்கு எட்டு நெருங்கிவிடும்.

9.4.2005

பதில் இல்லை.

23.4.2005

இரண்டாவது லெட்டர் போட்டேன். இந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் "பஸ்" என்ற வார்த்தையைக் கோடு போட்டு அடித்தேன். பஸ் வந்தால் இப்போது கையால்தான் காட்டுகிறாள். காக்காவும் போய்விட்டது.

14.5.2005, சனி

மூன்றாவது லெட்டரை ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பியிருந்தேன். இன்று அதன் அத்தாட்சி அட்டை திரும்பி வந்தது. ரப்பர் ஸ்டாம்பு, அதன் மேல் ஒரு கிறுக்கல். பம்பாயில் ஒரு கை என் லெட்டரைத் தொட்டிருக்கிறது. அதைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியாது.

வாயைப் பார்த்து "அம்மா" என்று இன்னும் சொல்கிறாள். சத்தம் மாறிவிட்டது. "ம்பா" என்கிறாள். மற்றவர்களுக்கு அது ஒன்றுமே இல்லை.

20.6.2005, திங்கள்

சென்னையிலிருந்து போன்! அவர்களாகவே. கம்பெனி சுனாமியில் பாதிக்கப்பட்ட பிள்ளைகளுக்குப் புது மிஷின் தரப்போகிறதாம். பாண்டிச்சேரியில் விழாவாம். லிஸ்டில் ஷமா பெயரும் இருக்கிறதாம்.

"எங்க வீட்டுக்குத் தண்ணி வரலைங்களே" என்றேன்.

"மரக்காணம்தானே மேடம்? பாதிக்கப்பட்ட ஏரியா. ஒரு ஃபாரம் இருக்குது, கையெழுத்துப் போட்டா போதும்."

"மிஷின் அக்டோபர்லயே நின்னுடுச்சு. அதுக்குத்தான் மூணு லெட்டர் போட்டேன்."

"லெட்டர் வந்ததாலதான் உங்க பேரைச் சேத்திருக்காங்க. புரிஞ்சுக்கோங்க மேடம்."

24.6.2005, வெள்ளி

அவரிடம் ஃபாரத்தைப் பற்றிச் சொன்னேன். மிஷின் போன வருஷமே கெட்டுவிட்டது என்று ஜனவரியில்தான் அவருக்கு உண்மையைச் சொல்லியிருந்தேன்.

"கடல்னு எழுதினா என்ன, இடின்னு எழுதினா என்ன? கையெழுத்துப் போடு ஷம்சாத். வல்லாஹி, சத்தியமா எனக்கு அவ கொரலைக் கேக்கணும். அடுத்த வருஷம் நான் வரும்போது அவ என்னை யாருன்னு பாப்பா?"



2.7.2005, சனி

ஹோட்டல் ஹால். பேனர். ஏழு அம்மாக்கள், ஏழு பிள்ளைகள். பக்கத்து நாற்காலியில் பொம்மையார்பாளையம் அம்சவள்ளி, மடியில் மகன் தமிழ்வேந்தன். அவனுக்கு நாலரை, ஐந்து வயது இருக்கும். அவன் கையில் செத்துப்போன மிஷின். எங்களுடையதே. அதே மாடல்.

"உங்களுது எப்பங்க நின்னுச்சு?" என்று கேட்டேன்.

"தீபாவளிக்கு மறுநாள். உப்பு ஏறிடுச்சு, உங்க தப்புன்னுட்டாங்க. இப்ப தண்ணி பட்டுச்சுன்னு எழுதச் சொல்றாங்க. எங்க தெருவுக்குத் தண்ணியே வரலைங்க்கா."

அந்தப் பக்கம் இருந்தவளைக் கேட்டேன். செப்டம்பராம். அவளுக்கு அடுத்தவளும் அப்படித்தான். ஏழு பேரில் ஐந்து பேரின் மிஷின் கடல் வருவதற்கு முன்பே நின்றது.

வாசலில் ஒரு சத்தம். குப்பத்துப் பெண் ஒருத்தி, இடுப்பில் காது கேட்காத பெண் பிள்ளை. வீட்டைக் கடல் கொண்டுபோய்விட்டது, இலவசமாக மிஷின் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு வந்தேன் என்கிறாள். லிஸ்டில் பேர் இல்லை என்று அவளைத் திருப்பி அனுப்பினார்கள்.

நான் எழுந்து ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அதே நீலச் சட்டைக்காரர், ரீஜனல் மேனேஜர், ஃபாரத்தை நீட்டினார். சின்ன ஃபார்மாலிட்டி என்றார். "26.12.2004 அன்று கடல் நீர் பட்டுச் செயலிழந்தது." ஷமாவைப் பார்த்தேன். அவள் அந்தப் புது டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

போட்டேன்.

போட்டோ எடுத்தார்கள். சிரிக்கச் சொன்னார்கள். சிரித்தேன்.

10.7.2005

திரும்பிப் பார்க்கிறாள்! காக்கா கத்தினால் வாசலுக்கு ஓடுகிறாள். பேப்பரில் எங்கள் போட்டோ வந்ததாம், பாஞ்சாலை அக்கா பொட்டலம் கட்டி வந்த தாளைக் கொண்டுவந்து காட்டினாள். அதை மடித்து எங்கோ செருகிவிட்டேன். பார்க்கப் பிடிக்கவில்லை.

29.8.2005, திங்கள்

நின்றுவிட்டது.

அதே மாதிரி. கீச்சென்ற சத்தம் இல்லை. திறந்து பார்த்தேன், பேட்டரி இடத்தில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது.

31.8.2005

சென்னைக்குப் போன் செய்தேன். "உங்க கம்ப்ளைன்ட் ஜூலையிலயே க்ளோஸ் ஆகிடுச்சு மேடம். கஸ்டமருக்குத் திருப்தின்னு அந்த ஃபாரத்துல நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்க. இது இலவசமா குடுத்தது, இதுக்குக் கேரண்டி கிடையாது."

நானே. நானே போட்டுக் கொடுத்தேன். என் கையால் என் வாயை மூடிக்கொண்டேன். என் பிள்ளை வாயையும் சேர்த்து.

சோறு வடிக்கவில்லை. ஷமா தட்டைக் கொண்டுவந்து முன்னால் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

17.9.2005, சனி

அம்சவள்ளி போன் செய்தாள். தமிழ்வேந்தன் மிஷினும் நின்றுவிட்டது. மற்றவர்களையும் விசாரித்தாள். ஏழில் ஆறு.

"என்னக்கா பண்றது?" என்றாள்.

எல்லாரும் கையெழுத்துப் போட்டவர்கள்தான். என்ன செய்ய முடியும்? தெரியவில்லை என்று வைத்துவிட்டேன்.

24.9.2005, சனி

ஒரு வாரம் யோசித்தேன். கௌதமிடம் போனேன். எம்.டி.க்கு நான்காவது லெட்டர். இந்தத் தடவை தமிழிலேயே நான் கையால் எழுதி, அவனை மொழிபெயர்த்துக் கூட இணைக்கச் சொன்னேன். அதிலிருந்து:

"ஜூலை 2 அன்று உங்கள் ஃபாரத்தில் நான் போட்ட கையெழுத்து பொய். என் மகளின் மிஷினைக் கடல் தொடவில்லை. கடல் வருவதற்கு இரண்டரை மாதம் முன்பே அது நின்றுவிட்டது. அது உங்கள் ஆட்களுக்குத் தெரியும், என் லெட்டர்களில் தேதி இருக்கிறது. மிஷின் வேண்டும் என்பதற்காகப் பொய் சொன்னேன். அன்று உண்மையாகவே கடலால் எல்லாம் இழந்த ஒரு பெண் வாசலோடு திரும்பிப் போனாள். அந்தப் பாவம் எனக்கும் உங்களுக்கும் பொது. என் கையெழுத்தைத் திரும்பப் பெறுகிறேன்."

கீழே அம்சவள்ளியும் மற்ற மூன்று பேரும் கையெழுத்துப் போட்டார்கள். ஒருத்தி கைநாட்டு. பொம்மையார்பாளையத்துக்கும் குயிலாப்பாளையத்துக்கும் பஸ் ஏறிப்போய் வாங்கி வந்தேன்.

30.9.2005, வெள்ளி

அவருக்குக் கோபம். "உனக்கு என்ன பைத்தியமா? பொய் சொன்னேன்னு நீயே எழுதிக் குடுப்பியா? நாளைக்குப் போலீஸ் வந்து நின்னா நான் இங்கேர்ந்து என்ன பண்ணுவேன்?" போனை வைத்துவிட்டார்.

நான்கு வருடத்தில் முதல் தடவையாகப் பிள்ளையைப் பற்றிக் கேட்காமல் போனை வைத்தார்.

26.11.2005

மழை. ஒரு மாதமாக மழை. உப்பளம் எது, ஏரி எது என்று தெரியவில்லை. பம்பாயிலிருந்து ஒன்றுமில்லை.

வார்த்தைப் பக்கத்தில் இன்னும் அடிக்காமல் இருப்பது இரண்டு.

6.1.2006, வெள்ளி

பதில் வந்துவிட்டது. எம்.டி.யிடமிருந்து இல்லை, கம்பெனி வக்கீலிடமிருந்து. கௌதம் படிக்கும்போதே அவன் குரல் இறங்கியது. "பொய்யான தகவல் தந்து நிவாரண உதவி பெற்றதாக நீங்களே எழுத்தில் ஒப்புக்கொண்டுள்ளீர்கள். சட்ட நடவடிக்கை எடுக்க நிறுவனத்துக்கு உரிமை உண்டு."

ஐந்து பேருக்கும் இதே லெட்டர். மாலைக்குள் இரண்டு பேர் போன் செய்து, எங்கள் பேரை எடுத்துவிடுங்கள் என்று அழுதார்கள். எடுத்துவிடுகிறேன் என்றேன். அம்சவள்ளி மட்டும், "போட்டது போட்டதுதாங்க்கா. ஜெயில்ல போட்டா என் புள்ளையையும் சேத்துப் போடட்டும்" என்றாள்.

நான் என்னதான் கேட்டேன்? கீச்சென்று ஒரு சத்தம். அதைத்தானே கேட்டேன்.

28.1.2006

எழுத ஒன்றுமில்லை. தைக்கிறேன். தூங்குகிறேன். தொழுகை முடிந்து துஆ கேட்கக்கூட உட்கார முடியவில்லை.

16.2.2006, வியாழன்

பம்பாயிலிருந்து போன். பெண் குரல், தமிழ்! பெயர் கீதாஞ்சலி, எம்.டி. ஆபீஸில் வேலையாம்.

"உங்க தமிழ் லெட்டரைப் படிக்கச் சொல்லி எங்கிட்டதான் குடுத்தாங்க. இங்கிலீஷ்ல இருந்த மூணும் ஃபைலுக்குப் போயிடுச்சு. இதை நான் சார்கிட்ட வாய்விட்டுப் படிச்சுக் காட்டினேன்."

"அவர் என்ன சொன்னாரு?"

"ரெண்டாவது தடவை படிக்கச் சொன்னாரு."

கெட்டுப்போன இரண்டு மிஷினையும் கூரியரில் அனுப்பச் சொன்னாள், அவர்களே திறந்து பார்க்க வேண்டுமாம். எனக்கு இருப்பதே அந்த இரண்டு சாட்சிதான். ஒன்றை அனுப்பிவிட்டு ஒன்றை வைத்துக்கொண்டேன். யாரை நம்புவது?

22.3.2006, புதன்

பார்சல். ஒரு லெட்டர், ஒரு மிஷின். வேறு மாடல், ஈரம் புகாமல் மேலே உறை போட்டது, உலர்த்தி வைக்கத் தனி டப்பா. லெட்டரில் கையெழுத்து எம்.டி.யுடையது இல்லை, யாரோ தர மேலாளர்.

கௌதம் படித்தான். பழைய மாடல் கடலோரப் பகுதிக்கு ஏற்றதில்லை என்று தெரியவந்திருக்கிறதாம். கடலோர ஊர்களில் அதை விற்பதை நிறுத்திவிட்டார்களாம். எங்கள் மீது நடவடிக்கை எதுவும் இல்லையாம். பேரை எடுத்துக்கொண்ட இரண்டு பேர் உள்பட எல்லாப் பிள்ளைகளுக்கும் மாற்று மிஷின்.

"ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று முடிந்தது.

"சிரமம்னுதான் போட்டிருக்குதா கௌதம்? வேற வார்த்தை ஒண்ணும் இல்லையா?"

மறுபடி பார்த்தான். "அவ்ளோதான்க்கா."

கவனக்குறைவு என்ற வார்த்தையைப் பற்றி ஒன்றும் இல்லை. வாசலோடு திரும்பிப் போன பெண்ணைப் பற்றியும். அவள் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை.

ஜெயித்துவிட்டாய் பாயம்மா என்று பாஞ்சாலை அக்கா ஷமாவைத் தூக்கிச் சுற்றினாள். ஆமாம் என்றேன்.

15.4.2006, சனி

மூன்று வாரமாக மிஷின் ஒரு நாள்கூட நிற்கவில்லை. ஷமாவுக்குக் கேட்கிறது. ஹாரன் கேட்கிறது, பள்ளிவாசல் பாங்கு கேட்கிறது, பெயரைச் சொன்னால் திரும்புகிறாள்.

பேச்சு வரவில்லை.

சுலோசனா டீச்சர் பிள்ளையை வெளியே விளையாட அனுப்பிவிட்டுச் சொன்னார். "காதுக்குள்ள சத்தம் போகுது ஷம்சாத். ஆனா அதைப் பிரிச்சு வார்த்தையாக்க அவ கத்துக்க வேண்டிய நேரத்துல ஒன்றரை வருஷம் போயிடுச்சு. கொஞ்சம் வரும். நாம நெனச்ச அளவுக்கு வரும்னு நான் பொய் சொல்ல மாட்டேன். அவளுக்கு இப்பவே ஒரு பாஷை வேணும். கையால பேசற ஸ்கூல்ல சேருங்க."

படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுகைகூட வரவில்லை. யாரிடம் எந்த லெட்டர் போட்டு இந்த ஒன்றரை வருடத்தைக் கேட்பது? எந்த எம்.டி.யிடம்?

21.4.2006, வெள்ளி

அவரிடம் சொல்ல வேண்டியதாயிற்று. "கையால பேசினா போன்ல நான் எப்படிப் பாக்கறது?" என்று கேட்டார்.



17.6.2006, சனி

பள்ளிக்கூடம் திறந்து இரண்டு வாரம். பாண்டிச்சேரியில் ஹாஸ்டலில் இருக்கிறாள். சனிக்கிழமைகளில் அம்மாக்களுக்கும் கையால் பேச வகுப்பு வைக்கிறார்கள். அம்சவள்ளியும் வந்திருந்தாள். கட்டை விரல் எங்கே, சுண்டு விரல் எங்கே என்று இரண்டு பேரும் தடுமாறினோம். 'பசிக்கிறதா' என்று கேட்பதாக நினைத்து நான் வேறு எதையோ கேட்டிருக்கிறேன் போல, ஷமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். என் விரலைப் பிடித்து மடக்கிச் சரியாக வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை லீவுக்கு வீட்டுக்குக் கூட்டி வந்தேன். பஸ்ஸில் ஏறியதிலிருந்து கை ஓயவில்லை. ஹாஸ்டலில் யாரோ ஒரு பெண், ஒரு பூனை, யாரோ கீழே விழுந்தது, ஏதோ உடைந்தது, யாருக்கோ திட்டு. இவ்வளவு விஷயம் வைத்திருக்கிறாளா என் பிள்ளை? முன் சீட்டில் இருந்தவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். கண்டக்டர் டிக்கெட் கொடுத்துவிட்டு, "பாப்பா என்ன சொல்லுதுங்க?" என்றார்.

"எனக்கும் பாதிதாங்க புரியுது" என்றேன்.

அவள் பக்கம் திரும்பி, மறுபடி சொல் என்று கையால் கேட்டேன். மரக்காணம் வரும்வரை மறுபடி மறுபடி சொன்னாள்.